மவுஸைத் தொடாத வேகம்

கம்ப்யூட்டரை எளிதாக்கியது மவுஸ். அதை வேகமாக்குவது விரல்கள். பெரும்பாலோர் முதல் பாடத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பாடமே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள்.

மாதத்தின் 20ஆம் தேதி. ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டிய கடைசி நாள். மொத்த வியாபார ஜவுளிக் கடை ஒன்றின் பின்கட்டில், துணி மூட்டைகளுக்கு நடுவே, கணக்காளரின் முன்னால் ஒரு பழைய கம்ப்யூட்டர். இடது கை பில் கட்டைப் புரட்டுகிறது. வலது கை தட்டிக்கொண்டே போகிறது. எஃப் 8 என்றால் விற்பனை. எஃப் 9 கொள்முதல். எஃப் 5 பட்டுவாடா. எஃப் 6 வரவு. கண்ட்ரோலையும் ஏ-யையும் சேர்த்துத் தட்டினால் பதிவு முடிந்தது. உடனே அடுத்த பில். திரையை அவர் எப்போதாவதுதான் நிமிர்ந்து பார்க்கிறார். மவுஸ் எங்கே? மேசை ஓரத்தில், காகிதம் பறக்காமலிருக்க வைத்த கல் போல, பழைய பில்களின் மேல் கிடக்கிறது.

சென்னை சௌகார்பேட்டையில் பார்த்தாலும் சூரத்தின் ஜவுளிச் சந்தையில் பார்த்தாலும் தில்லி சாந்தினி சௌக்கில் பார்த்தாலும் காட்சி ஏறத்தாழ இதுதான்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஏசி அறையில் இன்னொரு காட்சி. பட்டம் பெற்ற இளைஞர், புத்தம்புது லேப்டாப். ஒரு எண்ணை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்க வேண்டும். கை மவுஸுக்குப் போகிறது. வலது பொத்தானை அழுத்துகிறார். பட்டியல் விரிகிறது. அதில் 'காப்பி'யைத் தேடுகிறார். பிறகு வேறு இடம், மறுபடி வலது பொத்தான், மறுபடி பட்டியல், 'பேஸ்ட்'. கை கீபோர்டுக்குத் திரும்புகிறது. நாள் முழுவதும் இப்படியே.

பின்கட்டுக் கணக்காளர் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படித்தவரல்ல. அவருடைய சாஃப்ட்வேர் அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது. ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் 1986இல் தொடங்கிய பெங்களூர் நிறுவனத்தின் படைப்பு டேலி. அது பிறந்த டாஸ் காலத்தில் இந்தியக் கடைகளின் கம்ப்யூட்டர்களில் மவுஸே கிடையாது. எல்லாவற்றுக்கும் விசைதான். பிறகு விண்டோஸ் வந்தது, மவுஸ் வந்தது, 2017இல் ஜிஎஸ்டியும் வந்தது. டேலியின் தோற்றம் பலமுறை மாறியது. எஃப் 8 மட்டும் விற்பனையாகவே இருந்தது. கணக்காளர்களின் விரலில் ஏறியதை நிறுவனம் கலைக்கவில்லை. பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மூன்று வினாடியின் விலை

விசைக்கும் மவுஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்ட கணக்குமுறை இன்றும் பாடமாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் செய்யும் எந்த வேலையையும் சின்னஞ்சிறு அசைவுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி நேரம் குறித்தார்கள். நன்றாகத் தட்டச்சு தெரிந்தவர் ஒரு விசையைத் தட்ட 0.2 வினாடி. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கையைக் கொண்டுபோக 0.4 வினாடி. அம்புக்குறியை வேண்டிய இடத்துக்கு நகர்த்த 1.1 வினாடி.

இனி கூட்டல் எளிது. பட்டியலில் போய் 'காப்பி'யைத் தேர்வு செய்ய: கை மவுஸுக்குப் போக 0.4, பட்டியலை எட்ட 1.1, அழுத்த 0.2, 'காப்பி'யை எட்ட 1.1, அழுத்த 0.2, கை திரும்ப 0.4. மொத்தம் 3.4 வினாடி. கண்ட்ரோலும் சி-யும்: இரண்டு தட்டல், 0.4 வினாடி. மிச்சம் மூன்று வினாடி.

மூன்று வினாடி ஒரு பொருட்டா? ஒருவர் நாளொன்றுக்கு இப்படி 200 முறை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால் 10 நிமிடம். மாதம் 25 வேலை நாள் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். அரை நாள் வேலை, கையை இங்கும் அங்கும் கொண்டுபோனதிலேயே கரைகிறது.

நேரத்தைவிடப் பெரிய நஷ்டம் கவனம். கடிதத்தின் நடு வாக்கியத்தில் இருப்பவர், கண்ணை எழுத்திலிருந்து எடுத்துத் திரையின் உச்சியில் உள்ள ஒரு சின்னப் படத்தைத் தேடுகிறார். திரும்பி வரும்போது வாக்கியம் எங்கே நின்றது என்பதையும் தேட வேண்டியிருக்கிறது.

நான்கு விசைகளின் கதை

இசட், எக்ஸ், சி, வி. கீபோர்டின் அடி வரிசையில் இடது ஓரம் அடுத்தடுத்து இருக்கும் இந்த நான்கும்தான் உலகில் மிகப் பரவலாகப் பழக்கமான ஷார்ட்கட்டுகள். செய்ததைத் திரும்பப் பெறு, வெட்டு, நகலெடு, ஒட்டு.

'வெட்டி ஒட்டு'வதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு லாரி டெஸ்லருடையது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1970களில் வேலை செய்தவர். அங்கே அப்போது இருந்த பிராவோ என்ற எழுத்துச் சாஃப்ட்வேரில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாக விழும். இன்னொரு நிலையில் கட்டளையாக மாறும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் தீர்ந்தது. 'இ' எல்லாவற்றையும் தேர்வு செய்யும். 'டி' அத்தனையையும் அழிக்கும். 'ஐ' புதிதாக எழுதத் தயாராகும். கடைசி 'டி' என்ற ஒற்றை எழுத்து மட்டும் திரையில் மிஞ்சும்.

டெஸ்லரும் டிம் மாட்டும் சேர்ந்து, பாடநூல் பதிப்பகம் ஒன்றின் ஆசிரியர்களுக்காக ஜிப்ஸி என்ற சாஃப்ட்வேரை உருவாக்கினார்கள். கத்தரியும் பசையும் வைத்துப் பக்கம் தயாரித்தவர்களுக்குப் புரியும்படி வெட்டுவதும் ஒட்டுவதும் கம்ப்யூட்டருக்குள் வந்தன. நிலை மாறும் குழப்பத்தை டெஸ்லர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். தன் காரின் நம்பர் பிளேட்டிலேயே அதை ஒரு கோஷமாக எழுதிவைத்தவர் அவர். 2020 பிப்ரவரியில் காலமானார்.

1980இல் டெஸ்லர் ஆப்பிளுக்குப் போனார். 1983இல் வந்த லிசாவிலும் 1984இல் வந்த மெக்கின்டோஷிலும் அந்த நான்கு விசைகளும் இடம் பிடித்தன. தேர்வுக்குக் காரணம் உண்டு. எக்ஸ், அடித்துவிடும் குறி. சி, காப்பியின் முதல் எழுத்து. வி, அச்சுப்பிழை திருத்துவோர் இடையில் ஒரு சொல்லைச் செருகப் போடும் கூரைக்குறியின் தலைகீழ் வடிவம். நான்கும் இடது கைக்கு அருகில். வலது கை மவுஸில் இருக்கும்போதே இடது கை கட்டளையிட முடியும்.

இதே மெக்கின்டோஷின் முதல் கீபோர்டில் கர்சரை நகர்த்தும் அம்புக்குறி விசைகளே கிடையாது. மக்கள் மவுஸுக்குப் பழகட்டும் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதம். இரண்டே ஆண்டில், மெக்கின்டோஷ் பிளஸ்ஸோடு அந்த விசைகள் திரும்பி வந்தன. ஆப்பிளின் நான்கு எழுத்துகளை 1990களின் தொடக்கத்தில் விண்டோஸும் கண்ட்ரோல் விசையோடு ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் சின்னம் பொறித்த தனி விசையை மைக்ரோசாஃப்ட் 1994இல் கீபோர்டில் சேர்த்தது.

தெரிந்தும் பழகாதவர்கள்

விசைதான் எப்போதும் வேகம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதில்லை. ஆப்பிளில் பணியாற்றிய புரூஸ் டோக்னாஸினி 1980களின் கடைசியில் இதற்கு நேர்மாறாக எழுதினார். விசையால் வேகமாகச் செய்ததாக மக்கள் நினைக்கிறார்கள், கடிகாரமோ மவுஸ்தான் வேகம் என்கிறது என்பது அவர் வாதம். எந்த விசை என்று யோசிக்கும் நேரத்தை மனம் கணக்கில் சேர்ப்பதில்லை என்றார்.

அதில் உண்மை இருக்கிறது, அரைகுறையாகத் தெரிந்த ஷார்ட்கட்டைப் பொறுத்தவரை. யோசித்துத் தட்டும் விசை குறுக்குவழியாக இருப்பதில்லை. யோசனை நின்று விரலே போகும் நிலை வந்த பிறகுதான் அந்த மூன்று வினாடி மிச்சமாகிறது.

அந்த நிலைக்குப் பலர் வருவதே இல்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைக்ரோசாஃப்ட் வேர்டில் அனுபவம் உள்ள 251 பேரிடம் விசாரித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஆண்டுக்கணக்கில் அதே சாஃப்ட்வேரில் வேலை செய்தவர்களும் சிறுபடங்களைத்தான் அழுத்திக்கொண்டிருந்தார்கள். வேகமான வழி விசைதான் என்பதை அதே ஆய்வின் இரண்டாம் பகுதி சோதித்து உறுதி செய்தது.

காரணம் மனித இயல்பு. முன்னால் இருக்கும் வேலையை முடிக்கும் அவசரத்தில், தெரிந்த வழியிலேயே போகத் தோன்றும். புது வழி முதல் சில நாள் மெதுவாக இருக்கும். அந்தச் சில நாளை யாரும் தர மாட்டார்கள், மேலதிகாரியும் சரி, தானும் சரி.

இந்தியாவில் இன்னொரு காரணமும் சேர்கிறது. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் டேட்டா என்ட்ரி வேலைக்கு மணிக்கு 8,000 விசைத் தட்டல் கேட்கிறது. வினாடிக்கு இரண்டுக்கும் மேல். அதற்காகத் தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் விரல்கள் பயிற்சி பெறுகின்றன. பக்கத்துக் கட்டடத்தின் கம்ப்யூட்டர் சென்டரிலோ மவுஸால் பட்டியலைத் திறக்கச் சொல்லித்தருகிறார்கள். எழுத்தைத் தட்டும் வேகத்தையும் வேலையை முடிக்கும் வேகத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லித்தரும் இடம் குறைவு.

கைவசம் வைக்க

விண்டோஸ் கம்ப்யூட்டரில் தினசரி உதவக்கூடியவை சில:

ஆல்ட் + டேப்: திறந்திருக்கும் சாஃப்ட்வேர்களிடையே தாவ. விண்டோஸ் + டி: எல்லாவற்றையும் ஒதுக்கி முகப்புத் திரைக்கு வர. விண்டோஸ் + எல்: எழுந்து போகும்போது திரையைப் பூட்ட.

விண்டோஸ் + வி: நகலெடுத்தவற்றில் கடைசியாக எடுத்ததை மட்டுமன்றி முந்தையவற்றையும் பட்டியலிட்டுக் காட்டும். விண்டோஸ் 10இல் 2018இல் வந்தது. முதல் முறை தட்டும்போது அனுமதி தர வேண்டும்.

கண்ட்ரோல் + பக்கவாட்டு அம்புக்குறி: எழுத்தெழுத்தாக நகராமல் சொல் சொல்லாகத் தாவ. ஷிஃப்ட்டையும் சேர்த்தால் அந்தச் சொற்கள் தேர்வாகும். கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ்: முழுச் சொல்லையும் அழிக்க.

கண்ட்ரோல் + ஷிஃப்ட் + டி: இணைய உலாவியில் தவறி மூடிய பக்கத்தை மீட்க.

எக்செலில் எஃப் 2: கட்டத்தில் உள்ளதைத் திருத்த. ஆல்ட் + சமக்குறி: மேலே உள்ள எண்களைக் கூட்ட. கண்ட்ரோல் + கீழ் அம்புக்குறி: நெடுவரிசையின் அடிக்குப் போக.

மவுஸிலும் குறுக்குவழிகள் உண்டு. ஒரு சொல்லின் மேல் இருமுறை அழுத்தினால் அந்தச் சொல், மும்முறை அழுத்தினால் பத்தி தேர்வாகும். தொடக்கத்தில் ஒருமுறை அழுத்தி, ஷிஃப்ட்டைப் பிடித்தபடி முடிவில் அழுத்தினால் இடையில் உள்ளதெல்லாம் தேர்வாகும். பத்துப் பக்கத்தைத் தேர்வு செய்ய மவுஸை இழுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினால் எழுத்து பெரிதாகும், சிறிதாகும். இணையத்தில் ஓர் இணைப்பின் மேல் சக்கரத்தையே அழுத்தினால் அது தனிப் பக்கமாகத் திறக்கும். எக்செலில் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு புள்ளியை இருமுறை அழுத்தினால், பக்கத்து நெடுவரிசை முடியும் வரை சூத்திரம் தானே நிரம்பும்.

அத்தனையையும் மனப்பாடம் செய்ய முயன்றால் எதுவும் நிற்காது. அடிக்கடி செய்யும் ஒரே வேலையைத் தேர்ந்தெடுத்து, அதற்கான விசையை ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி, ஒரு வாரம் அதை மட்டும் விசையாலேயே செய்வது நல்ல வழி. அடுத்த வாரம் அடுத்தது. பல சாஃப்ட்வேர்கள் பட்டியலில் கட்டளைக்குப் பக்கத்திலேயே அதன் விசையை அச்சிட்டு வைத்திருக்கின்றன. வேர்டிலும் எக்செலிலும் ஆல்ட்டை ஒருமுறை தட்டிவிட்டால், எந்தப் பொத்தானுக்கு எந்த எழுத்து என்று திரையே காட்டும்.

தமிழுக்கும் குறுக்குவழி

தமிழில் தட்டுபவர்கள் பலர் ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்தே தட்டுகிறார்கள். 'பந்து' என்று வர ஆறு தட்டல் தேவைப்படும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 கீபோர்டில் நான்கே தட்டல்: ப, ந, த, உ. ந-வை அடுத்து த வந்தால் புள்ளி தானே விழும். 'அம்மா'வும் அப்படித்தான்: அ, ம, ம, ஆ. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவது தானே ஒற்றெழுத்தாகும். தமிழின் புணர்ச்சியைத் தெரிந்தவர்கள் கீபோர்டுக்குள்ளேயே வைத்த குறுக்குவழி அது.

வேறு மாநிலங்களில் இருந்துகொண்டு இரண்டு இந்திய மொழிகளில் தட்ட வேண்டியவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்கிரிப்ட் உதவும். இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் 'க' ஒரே விசையில் இருக்கும். மொழி மாற்ற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரைத் தட்டினால் போதும்.

வேறு வழியில்லாதவர்கள்

இவ்வளவு நேரம் பேசியது வசதி பற்றி. பார்வையற்றவருக்கு இது வேலையே நடக்குமா என்ற கேள்வி.

அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாதவருக்கு மவுஸால் பயனில்லை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் சாஃப்ட்வேரும் கீபோர்டும்தான் அவருடைய கம்ப்யூட்டர். விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் அமெரிக்காவில் உருவாக்கிய ஜாஸ் அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டும். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்களான மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும் உருவாக்கிய என்விடிஏ இலவசம். கரன் அதை 2006இல் தொடங்கினார். அதில் ஹெச்சைத் தட்டினால் இணையப் பக்கத்தின் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். கே தட்டினால் அடுத்த இணைப்பு. பி தட்டினால் அடுத்த பொத்தான். இ தட்டினால் எழுத வேண்டிய அடுத்த கட்டம். பழகியவர் ஒரு பக்கத்தின் அமைப்பைச் சில வினாடியில் காதால் அறிந்துகொள்வார்.

அந்தப் பக்கம் ஒழுங்காக அமைந்திருந்தால் மட்டும். பொத்தானுக்குப் பெயர் கொடுக்காமல் வெறும் படமாக வைத்திருந்தால் குரல் 'பட்டன்' என்று மட்டும் சொல்லி நிற்கும். அது 'பணம் அனுப்பு' என்பதா, 'ரத்து செய்' என்பதா? மவுஸ் அழுத்தத்துக்கு மட்டும் இசையும் பட்டியலில் டேப் விசை நுழையவே நுழையாது. விண்ணப்பத்தின் ஒன்பது பக்கத்தை நிரப்பியவர் பத்தாம் பக்கத்தின் கடைசிப் பொத்தானில் மாட்டிக்கொள்வார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அரசு வேலைகளில் 4 சதவீதம் ஒதுக்கும் அந்தச் சட்டம், அதில் ஒரு சதவீதத்தைப் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும் தருகிறது. தேர்வெழுதி வென்று நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முன்னால், கீபோர்டுக்குக் கட்டுப்படாத அலுவலக சாஃப்ட்வேர் திறந்தால்? ஒதுக்கீடு காகிதத்தில் இருக்கும். வேலை பக்கத்து மேசைக்காரரின் தயவில் நடக்கும்.

விதிகளுக்குக் குறைவில்லை. எல்லாவற்றையும் கீபோர்டாலேயே செய்ய முடிய வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்கான உலகளாவிய நெறிமுறையின் அடிப்படைகளில் ஒன்று. அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் 2009இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2023இல். உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று அதற்கும் மேலே போனது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் தீர்ப்பளித்தனர். கண்ணை இமைத்துக் காட்டினால்தான் வங்கிக் கணக்கு என்ற நடைமுறை பற்றிய வழக்கு அது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறிய நீதிமன்றம், 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

உத்தரவு நிறைவேறியதா என்று பார்க்கப் பெரிய நிபுணர் குழு வருவதற்குள், எந்த அலுவலகத்திலும் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மவுஸைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பிறகு டேப், என்டர், ஸ்பேஸ்பார், அம்புக்குறி விசைகளை மட்டும் வைத்துத் தங்கள் இணையதளத்தில் ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை நிரப்பிப் பார்க்க வேண்டும். எங்கே விரல் நிற்கிறதோ அங்கே பார்வையற்ற ஒரு குடிமகனும் நின்றுகொண்டிருக்கிறார்.

அந்தச் சோதனையைச் செய்யும் அதிகாரிக்கு ஒரு லாபமும் உண்டு. சௌகார்பேட்டைக் கணக்காளரின் விரலுக்குத் தெரிந்தது அவர் விரலுக்கும் கொஞ்சம் தெரிந்துவிடும்.